நம் கத்தி, நம் வலை

“தொடையில் வந்த கட்டி பழுத்து உடைந்து ஆறிவிட்டது. ஆனால் காலில் முள் கீறிய இடம் இரண்டே நாளில் முழங்கால் வரை சிவந்து வீங்கிவிட்டது. இரண்டுமே கிருமிதானே, ஏன் இப்படி?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கிருமி ஒன்றல்ல. கட்டியில் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அது தன்னைச் சுற்றி இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உறையவைத்து உள்ளே பதுங்கும். சீழும் கெட்டியாக இருக்கும். மளமளவென்று ஏறும் சிவப்புக்குப் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காரணம். டாக்டர் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வைப்பதே, மறுநாள் அதைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான். செல்களுக்கு நடுவே உள்ள கூழைக் கரைக்க ஒரு நொதி, வெள்ளையணுக்கள் வீசும் டிஎன்ஏ வலையை அறுக்க இன்னொன்று என்று அதன் பையில் நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற புரதம்.

தொற்று வந்த இடத்தைச் சுற்றி உடல் ஃபைப்ரின் என்ற, இரத்தத்தை உறையவைக்கும் இழைகளால் வலை பின்னுகிறது. வேலை முடிந்தபின் அதை அறுக்க நம்மிடமே பிளாஸ்மின் என்ற கத்தி உண்டு. விரித்த கத்தி இரத்தத்தில் சுற்றினால் ஆபத்து அல்லவா? அதனால் பிளாஸ்மினோஜென் என்ற பெயரில் மடங்கியே திரிகிறது. வழக்கமாக அதன் புரதச் சங்கிலியை ஓரிடத்தில் வெட்டினால், புதிதாக உண்டாகும் நுனி உள்ளே ஒரு குழியில் போய்ச் செருகிக்கொள்ளும். அப்போதுதான் கத்திக்குக் கூர் வரும்.

ஸ்ட்ரெப்டோகைனேஸுக்கு வெட்டத் தெரியாது. அது நொதியே இல்லை. பிளாஸ்மினோஜெனைக் கட்டிக்கொண்டு, தன்னுடைய நுனியை அந்தக் குழிக்குள் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு வெட்டும் விழாமலே கத்தி விரிகிறது! அந்த ஜோடி அக்கம்பக்கத்துப் பிளாஸ்மினோஜென்களை வெட்டித் திறக்க, வலை கரைந்து கிருமி வெளியேறுகிறது. மனிதப் பிளாஸ்மினோஜெனிடம் அமோகமாகப் பலிக்கும் இந்த வித்தை, எலியினுடையதிடம் பலிப்பதில்லை.

உறைந்த பிளாஸ்மா இந்தக் கிருமியால் சோதனைக் குழாயிலேயே மறுபடி நீர்த்துப்போவதை 1933இல் எழுதியவர் அமெரிக்காவின் வில்லியம் டில்லெட். மாரடைப்பு அவர் யோசனையிலேயே இல்லை. இதயக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் பின்னாளில்தான் மருந்தானது. 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்து 1988இல் வெளியான ஐசிஸ்-2 என்ற ஆய்வில், இந்த மருந்து இல்லாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். போட்டவர்களில் ஏறக்குறைய ஒன்பது. இன்றைய ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்தில் ‘இதனால் என்ன பயன்?’ என்ற கட்டத்தில் டில்லெட் எதை எழுதியிருப்பார்? பணம் கிடைத்திருக்காது என்பதே என் சந்தேகம்.

மாரடைப்புக்கு 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரத்துக்குள் டிரிப்பில் ஏற்றுவார்கள். ஒருமுறை போட்டவருக்குப் பிறகு மாரடைப்பு வந்தால் வேறு மருந்துதான். முதல் தடவையிலேயே உடல் அதைக் கிருமியின் சரக்கு என்று கண்டுபிடித்து, எதிர்ப்பொருள் தயார் செய்து வைத்திருக்கும்.