கப்பர்நகூம்: வெள்ளைத் தூண்களுக்குக் கீழே பாருங்கள்

கலிலேயாக் கடல் எனும் ஏரியின் வடமேற்குக் கரையில், கப்பர்நகூமில் இறங்கும் யாத்திரைக் குழுக்கள் பெரும்பாலும் நேரே போவது வெள்ளைத் தூண்களிடம்தான். "இயேசு போதித்த ஜெப ஆலயம்" என்று சொல்லிப் படமும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தூண்களை அவர் பார்த்திருக்க முடியாது. தளத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கில் கிடைத்த காசுகளை வைத்து, கட்டடம் 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 5ஆம் நூற்றாண்டிலோ எழுந்தது என்கிறார்கள் பெரும்பாலான ஆய்வாளர்கள்.

தென்மேற்கு மூலைக்குப் போய்க் குனிந்து பாருங்கள். சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் கறுப்புச் சுவர் ஒன்று ஓடும். எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் அது. நம்மூர்க் கருங்கல் வேறு. ஏறக்குறைய 1.2 மீட்டர் தடிமன். சாதாரண வீட்டுச் சுவருக்கு அது அதிகம். நூற்றுக்கு அதிபதி (நூறு வீரர்களின் தலைவன்) கட்டிக்கொடுத்ததாக லூக்கா 7:5 சொல்லும் ஆலயம் இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஊர் சிறியது. மக்கள் தொகை 1,000 முதல் 1,500 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. ஆனால் ஏரோது அந்திப்பாவின் ஆட்சிப் பகுதி அங்கே முடிந்து, சற்றுக் கிழக்கே அவன் சகோதரன் பிலிப்புவின் பகுதி தொடங்கியது. மத்தேயு ஆயத்துறையில் (சுங்கச் சாவடியில்) உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இந்த எல்லைதான்.

அதே ஊரில், எண்கோணமாகக் கட்டிய 5ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கோயிலின் சிதைவுகளுக்கு மேல் 1990இல் புதுக் கோயில் எழுந்தது. அதன் கண்ணாடித் தரை வழியே பார்த்தால் பேதுருவின் வீடு என்று மரபு சொல்லும் அறை தெரியும். 1968இல் தொடங்கி அங்கே தோண்டிய பிரான்சிஸ்கன் துறவியர் கோர்போவும் லொஃப்ரெடாவும் கண்டது இதுதான்: 1ஆம் நூற்றாண்டிலேயே அந்த ஓர் அறையின் சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள், சமையல் பாத்திரங்கள் மறைந்து விளக்குகளும் சாடிகளும் மிஞ்சியிருக்கின்றன. குடியிருந்த வீடு கூடும் இடமாக மாறியதற்கு இது வலுவான அடையாளம். பூச்சில் கிறுக்கியிருக்கும் எழுத்துகளில் பேதுருவின் பெயரும் உண்டு என்ற வாசிப்பை எல்லோரும் ஏற்கவில்லை. அது பேதுருவின் வீடுதான் என்பதற்குத் தூண்டில் முட்கள் கிடைத்ததையும் சான்றாகச் சொல்வார்கள். மீன்பிடி ஊரில் எந்த வீட்டைத் தோண்டினாலும் கிடைக்கக்கூடியதுதானே அது!

சாந்து வைக்காமல் அடுக்கிய அந்தச் சுவர்கள் கனமான கூரையைத் தாங்கா. மரத்துண்டு, கிளை, மண் இவைதான் கூரை. திமிர்வாதக்காரனை (முடக்குவாதக்காரனை) இயேசுவின் முன் இறக்க நாலு பேர் அதைப் பிரித்தார்கள் என்ற மாற்கு 2:4ஐ இங்கே நின்று படித்தால் எளிதாகப் புரியும்.

மீன்பிடித் தொழிலையும் சேர்த்துப் பார்த்தால்தான் வசனங்கள் துலங்கும். மாற்கு 1:16இல் சீமோனும் (பேதுருதான்) அந்திரேயாவும் போடுவது வீச்சுவலை. மத்தேயு 13:47 சொல்வது கரைவலை: வளைத்துப் போட்டு இரு முனையையும் கரையிலிருந்து இழுப்பார்கள். செதிலில்லாத கெளுத்தி யூதருக்கு விலக்கு, அதனால் கரையிலேயே உட்கார்ந்து பிரித்தாக வேண்டும். லூக்கா 5இல் வருவது மூன்று அடுக்கு வலையாக இருக்கலாம். ஆளிநார் நூல் பகலில் மீனுக்குத் தெரிந்துவிடும், அதனால் இரவுத் தொழில். விடிந்ததும் சேறும் பாசியும் போக அலசிக் காயப்போடாவிட்டால் நூல் மக்கும். "இராமுழுவதும் நாங்கள் பிரயாசப்பட்டும்" என்று சீமோன் சொல்லும்போது வலை அலசி முடிந்திருக்கிறது. மறுபடி போட்டால் அத்தனை வேலையும் திரும்ப.

1986இல் ஏரி வற்றியபோது கினோசர் அருகே சேற்றிலிருந்து எடுத்த படகு 8.2 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். ஏறக்குறைய இயேசுவின் காலத்தது. இப்படிப்பட்ட படகும் கூலியாட்களும் (மாற்கு 1:20) வைத்திருந்த, யாக்கோபு, யோவானின் தந்தை செபதேயுவை அன்றாடங்காய்ச்சி என்று சொல்ல முடியாது.

மதியச் சாப்பாட்டில் 'பேதுரு மீன்' என்று வைப்பது நம்மூர் ஜிலேபிக் கெண்டையின் உறவு. மத்தேயு 17:27இல் வாயில் வெள்ளிப்பணத்தோடு தூண்டிலில் அகப்பட்டது அதுதான் என்பார்கள். ஆனால் அது நுண்பாசி தின்னும் இனம், இரை குத்திய முள்ளை லேசில் கவ்வாது. அதே ஏரியில் தூண்டிலுக்கு வருவது மீசையுள்ள பார்பெல் கெண்டை. அதைத் தட்டில் வைத்து யாரும் பேதுரு பெயரைச் சொல்வதில்லை.