பயோனிக் கண் வைத்தால் என்ன தெரியும்? கணினியில் போட்டுப் பார்க்கலாம்

பார்வையற்றவருக்கு மின்னணுக் கண் என்று பத்திரிகையில் ஒரு செய்தி வந்துவிட்டால், அந்த வாரம் கண் மருத்துவமனைகளில் அதே கேள்விதான்: "எங்க பையனுக்கு இத வச்சா பார்வ வருமா?" அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், கேட்பவரின் செல்போனில் அந்தச் செய்தியின் படம் இருக்கும். ஒளிப்புள்ளிகளால் வரைந்த ஒரு முகம். புள்ளிக்கோலம் மாதிரி ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக, கண்ணும் மூக்கும் அடையாளம் தெரியும்படி இருக்கும். அந்தப் படத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

முதலில் ஒரு தெளிவு. கண்ணை எடுத்த இடத்தில் அழகுக்காக வைக்கும் பிளாஸ்டிக் கண்ணையும் நம் ஊரில் செயற்கைக் கண் என்றே சொல்கிறோம். இது வேறு. விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் செத்துப்போய், அதற்குப் பின்னாலுள்ள நரம்புச் செல்களும் பார்வை நரம்பும் பிழைத்திருந்தால் மட்டுமே விழித்திரையில் பதிக்கும் பயோனிக் கண்ணுக்கு வேலை உண்டு. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை நோய் அப்படிப்பட்டது. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் வீடுகளில் இதை அதிகம் பார்க்கிறோம். மாலைக்கண்ணில் தொடங்கும். கீரையும் கேரட்டும் கொடுத்துக்கொண்டே வருஷங்கள் ஓடிவிடும், பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். கண்நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) பார்வை நரம்பே கருகியவருக்கு இந்தக் கருவி உதவாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கும் பொருந்தாது.

பல நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்த ஆர்கஸ் 2 கருவியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2013-ல் அனுமதி பெற்றது. மூக்குக்கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி, விழித்திரையின் மேல் 6 வரிசை, 10 பத்தியாக 60 மின்முனைகள். ஒவ்வொன்றின் விட்டமும் 200 மைக்ரான், அதாவது 0.2 மில்லிமீட்டர். தெரியும் பரப்பு மூலைக்கு மூலை ஏறத்தாழ 20 டிகிரி. கையை முழுக்க நீட்டி ஒரு சாண் விரித்தால் எவ்வளவு மறைக்குமோ அவ்வளவுதான் மொத்த உலகமும்.

60 முனை என்றால் 60 புள்ளி தெரியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். விழித்திரையின் அமைப்பு அதற்கு விடுவதில்லை. அங்குள்ள சுமார் 10 லட்சம் நரம்புச் செல்களின் இழைகளும் விழித்திரையின் மேற்பரப்பிலேயே வளைந்து வளைந்து ஓடி, பார்வை நரம்பின் வாயில் போய்ச் சேர்கின்றன. திருநெல்வேலியில் பேட்டையிலிருந்து டவுன் வழியாக ஜங்ஷன் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டவுனில் அந்த பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் உசுப்பிவிட்டால், டவுனில் ஏறியவர் மட்டுமா விழிப்பார்? பேட்டையில் ஏறியவரும் விழிப்பார், அவர் டிக்கெட்டில் பேட்டை என்றுதான் இருக்கும். மூளை அந்த டிக்கெட்டை மட்டுமே படிக்கிறது. அதனால் ஓர் இடத்தில் கொடுத்த மின்சாரம், இழை ஓடும் வழி நெடுக ஒளி வந்ததுபோல் தோன்றுகிறது. புள்ளி வைக்கப் போனால் இழுவிய கோடு விழுகிறது, சில நேரம் ஆப்புபோல, சில நேரம் பிறைபோல. ஆர்கஸ் வைத்தவர்கள் தாங்கள் கண்டதை வரைந்து காட்டிய வடிவங்களும் இப்படித்தான் இருந்தன.

இந்த இழுவலைக் கணக்கில் சேர்த்த பிறகுதான் கணினிப் பாவனை (சிமுலேஷன்) பயனுள்ளதாக ஆனது. பல்ஸ்2பெர்செப்ட் என்ற இலவச மென்பொருள் தொகுப்பு, பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதியது, 2017-ல் வெளிவந்தது. சாதாரண மடிக்கணினியே போதும். ஆர்கஸ் 2 கருவியைத் தேர்ந்தெடுத்து, நரம்பு இழைகள் ஓடும் வழியைக் கணக்கிடும் 'ஆக்ஸான் வரைபட' மாதிரியைக் கட்டி, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை 60 முனைகளுக்கும் பிரித்துக் கொடுத்தால், நோயாளிக்கு என்ன தோன்றலாம் என்று வரைந்து காட்டும். இரண்டு அளவுகள் முக்கியம். ரோ என்பது முனையைச் சுற்றி ஒளி எவ்வளவு பரவும் என்பது. லாம்டா என்பது இழை வழியே எவ்வளவு தூரம் கசியும் என்பது. ரோவை 300 மைக்ரானில் வைத்துக்கொண்டு, லாம்டாவை முதலில் 100, பிறகு 500, பிறகு 1400 என்று மாற்றிப் பாருங்கள். விழித்திரையில் 280 மைக்ரான் ஏறத்தாழ ஒரு டிகிரி. அப்படியானால் 1400 என்பது 5 டிகிரி, அதாவது நீட்டிய கையில் மூன்று விரல் அகலம். 100-ல் படிக்க முடிந்த பஸ் எண் 1400-ல் மேகமாகிவிடும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, கருவிக்கு வலது கண்ணும் மாதிரிக்கு இடது கண்ணும் கொடுத்துவிடுவது. பார்வை நரம்பின் வாய் எதிர்ப்பக்கம் போய், இழுவல் இடம் வலம் மாறி வளையும். கணக்கிடும் கட்டத்தின் இடைவெளியை 0.25 டிகிரிக்கு மேல் கூட்டினால் வேகமாக முடியும், ஆனால் கோடுகள் துண்டு துண்டாகும்.

நிலைப்படம் சொல்லாத இரண்டு விஷயங்களும் உண்டு. ஒரே முனையைத் தொடர்ந்து தூண்டினால் ஒளி சில நொடிகளிலேயே மங்கத் தொடங்கும். அதனால்தான் கருவி வைத்தவர்கள் தலையை அசைத்துக்கொண்டே பார்க்கிறார்கள். அடுத்தது, கேமரா கண்ணாடியில் இருப்பதால் கருவிழியைத் திருப்பினால் காட்சி மாறாது, ஆனால் ஒளி வந்த இடம் மட்டும் மாறியதுபோல் தோன்றும், நீட்டிய கை டம்ளரைத் தவறவிடும். கண்ணசைவைப் பின்தொடரும் விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியைப் பார்வையுள்ளவருக்கு மாட்டி இவற்றைச் சோதிக்கிறார்கள். அப்போதும் பார்வையுள்ளவரின் மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய விழித்திரை நலமாக இருக்கிறது.

பாவனையின் பெரிய பலன் இனிமேல்தான். மின்சாரத்தின் அளவைக் கூட்டினால் புள்ளி பிரகாசமாவதோடு பருத்தும் போகும். நொடிக்கு எத்தனை மின்துடிப்பு என்பதைக் கூட்டினால் பெரும்பாலும் பிரகாசம் மட்டும் கூடும். எந்த முனைக்கு எதை, எவ்வளவு கொடுத்தால் வேண்டிய வடிவத்துக்கு மிக நெருக்கமாக வரும் என்று நியூரல் நெட்வொர்க் என்னும், பழகிக் கற்கும் கணினி நிரலைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கலவைகளை ஒரு மனிதரின் கண்ணில் போட்டுப் பார்க்க முடியாது, கணினியில் முடியும். முனைகளை வெறுமனே கூட்டிக்கொண்டு போவதைவிட இந்த வழியில்தான் எங்களுக்கு நம்பிக்கை அதிகம். ஜெர்மனியின் ஆல்ஃபா கருவியில் 1500 ஒளியுணரிகள் இருந்தும், தெளிவு அந்தக் கணக்குக்கு உயரவில்லை.

அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் குடும்பம் கேட்க வேண்டியது இன்னொன்று: பத்து வருஷம் கழித்து இதைப் பழுது பார்ப்பது யார்? ஆர்கஸ் 2 தயாரிப்பு 2019-ல் நின்றது. கண்ணுக்குள் கருவி இருக்க, வெளிப்பெட்டிக்கு உதிரி பாகம் கிடைக்காமல் தவித்தவர்கள் உண்டு.

கருவி வராவிட்டாலும் இந்த மென்பொருளை வீட்டுக்கு வேறு விதமாகப் பயன்படுத்தலாம். எவர்சில்வர் தட்டில் சோறு வைத்து ஒரு படம், வாழை இலையில் வைத்து ஒரு படம் எடுத்து இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். முதல் படத்தில் தட்டும் சோறும் ஒரே வெளிச்சம். இரண்டாவதில் சோறு இருக்கும் இடம் தனியாகத் தெரியும். மிச்சப் பார்வை கொஞ்சம் உள்ளவருக்கும் இதே வித்தியாசம்தான் உதவும். அடர்நிறத் தட்டு, வெள்ளைச் சுவரில் கறுப்பு ஸ்விட்ச் பலகை, படியின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட்: இதை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடலாம்.