64 கிலோபைட்டுக்குள் ஒரு கம்பைலர்

பழைய கணினி ஒன்று கைக்கு வந்தால், அதற்கு நாமே ஒரு நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க ஆசை வரும். அதற்குக் கம்பைலர் வேண்டும். நாம் எழுதுவதைப் புராசசர் செய்யக்கூடிய கட்டளைகளாக மாற்றுவது அதன் வேலை. ஆனால் மொத்த மெமரியே 64 கிலோபைட் என்றால் கம்பைலர், நம் நிரல், அதிலிருந்து உருவாகும் மெஷின் கோடு மூன்றுக்கும் இடம் எங்கே?

1960களிலேயே இதைவிட மோசமான நெருக்கடியைச் சமாளித்திருக்கிறார்கள். ஐபிஎம் 1401 கணினியில் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழிக்கான கம்பைலருக்கு வெறும் 8,000 எழுத்துகள் கொள்ளும் மெமரி போதும். வழக்கமாகக் கம்பைலர் மெமரியில் இருக்கும், நிரல் அதன் வழியாக ஓடும். இங்கே அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். நிரல் மெமரியிலேயே கிடக்கும். 63 துண்டுகளாக வெட்டப்பட்ட கம்பைலர் ஒவ்வொரு துண்டாக உள்ளே வந்து போகும். வீடு கட்டும் இடத்துக்குக் கொத்தனார், தச்சர், பெயின்டர் என்று ஒருவர் போன பிறகு அடுத்தவர் வருவது போல. ஒரு துண்டு நிரலின் வரிகளை வகை பிரித்து அடுக்கும், இன்னொன்று அதற்குமேல் தன் வேலையைச் செய்யும். கடைசித் துண்டு போகும்போது, நிரல் கிடந்த இடத்தில் ஓட்டத் தயாரான கோடு இருக்கும்.

1983இல் வந்த டர்போ பாஸ்கல் என்ற பாஸ்கல் மொழிக் கம்பைலர் வேறு வழியில் போனது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் எழுதிய அதை போர்லண்ட் நிறுவனம் 49.95 டாலருக்கு விற்றது. அன்றைய கம்பைலர்கள் பலவற்றில் ஒவ்வொரு கட்டத்தின் விளைவையும் ஃபிளாப்பியில் எழுதி, அடுத்த கட்டத்துக்காகத் திரும்பப் படிக்க வேண்டும். டர்போ பாஸ்கலோ நிரலை ஒரே ஒரு முறை மேலிருந்து கீழே படித்து, படிக்கப் படிக்கவே மெஷின் கோடை மெமரியில் எழுதிவிடும்.

சரி, 'இந்த நிபந்தனை பொய்யானால் கீழே தாவு' என்று ஒரு கட்டளை வந்தால்? கீழே எந்த இடம் என்பது அந்த நேரத்தில் கம்பைலருக்குத் தெரியாது. முகவரியைக் காலியாக விட்டு, அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே போகும். தாவ வேண்டிய இடம் வந்ததும் பின்னால் போய் நிரப்பும். பாஸ்கல் மொழியும் இதற்கு ஒத்துழைக்கிறது: எந்தப் பெயரையும் பயன்படுத்தும் முன்பே அறிவித்துவிட வேண்டும் என்பது அதன் விதி. எரிச்சலூட்டும் விதிதான், ஆனால் அது இல்லாமல் ஒரே ஓட்டத்தில் முடிப்பது கடினம். 1986இல் வந்த 3.02 பதிப்பில் கம்பைலர், எடிட்டர் எல்லாம் சேர்ந்து 39,731 பைட்தான். இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அது காணாது. இதற்கு விலை உண்டு: முன்னும் பின்னும் பார்த்து கோடைச் செதுக்க அவகாசம் இல்லாததால், வெளிவரும் கோடு அவ்வளவு சிக்கனமாக இருக்காது.

இன்று இந்த வித்தைகள் கட்டாயமில்லை. கிராஸ் கம்பைலர் என்றால் புதிய லேப்டாப்பில் கம்பைல் செய்து, முடிந்த கோப்பை மட்டும் பழைய மெஷினுக்குக் கொண்டுபோகலாம். தேடும்போது கணினியின் பிராண்டைவிட புராசசரின் பெயர்தான் முக்கியம். இசட்80 என்றால் இசட்88டிகே, 6502 என்றால் சிசி65. டாஸ் என்ற பழைய இயங்குதளம் ஓடும் கணினிகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டிஜேஜிபிபி என்ற கம்பைலர் அருமையானது, ஆனால் அது உருவாக்கும் 32 பிட் நிரல்களுக்கு 386 அல்லது அதற்குப் பிந்தைய புராசசர் வேண்டும். 286இலும் அதற்கு முந்தைய 8088இலும் ஓட வேண்டுமானால், 16 பிட் கோடு தரும் ஓப்பன் வாட்காம் பக்கம் போக வேண்டும். நம் ஊர்க் கல்லூரி லேப்களில் பலர் பார்த்த அந்த நீலத் திரை டர்போ சி++ கூட 16 பிட் கோடுதான் தரும்.

கம்பைலர் கிடைத்துவிட்டாலும் புராசசரின் குணம் நிரலில் எட்டிப் பார்க்கும். காமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் இருப்பது 6502 குடும்பத்துச் சிப். அதன் ஸ்டேக், அதாவது தற்காலிக மதிப்புகளை அடுக்கி வைக்கும் மெமரிப் பகுதி, 256 பைட்தான். சி மொழியோ ஃபங்ஷனுக்குள் (நிரலின் ஒரு தனி வேலைப் பகுதிக்குள்) இருக்கும் மாறிகளை ஸ்டேக்கில் வைக்கவே விரும்பும். அதனால் சிசி65 மெமரியில் வேறோர் இடத்தில் தானே ஒரு ஸ்டேக்கை அமைத்துக்கொள்கிறது. அதில் ஒரு மதிப்பை எடுக்க ஒவ்வொரு முறையும் கூடுதல் கட்டளைகள் செலவாகும். எனவே சிசி65இல் எழுதுபவர்கள் அந்த மாறிகளை ஸ்டாடிக் என்று அறிவித்து நிலையான முகவரியில் வைத்துவிடுகிறார்கள். வேகம் கூடும், பதிலுக்கு, தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன்களில் மட்டும் இதைச் செய்யக்கூடாது.