பழைய குடோனில் மருத்துவக் கல்வி வளாகமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ராயபுரம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை பக்கம் காலியாகக் கிடக்கிற குடோனையோ பழைய வணிக வளாகத்தையோ எடுத்து நர்சிங், பார்மசி, பிசியோதெரபி எல்லாம் சேர்த்து ஒரு மருத்துவ அறிவியல் வளாகம் ஆக்கலாமா என்று என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சார், பில்டிங் தாங்குமா?"

குடோனாகவே கணக்குப் போட்டுக் கட்டியது என்றால் பெரும்பாலும் தாங்கும். கட்டடம் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 வகுப்பறைக்குக் கேட்பது சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ, சரக்கு வைக்கிற தளத்துக்குக் குறைந்தது அதில் இரண்டரை மடங்கு. மேலே பின்னாளில் ஒட்டுப்போட்ட மாடிக்கு இந்த நம்பிக்கை செல்லாது. மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால் நூலகத்தை அங்கே ஏற்றவே வேண்டாம்.

கான்கிரீட்டில் கோர் (உருளையாகத் துளைத்தெடுக்கும் மாதிரி) எடுத்து, காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்ப்போம். பிங்க் வந்தால் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிற காரத்தன்மை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், உடனே ஓனர் முகத்தில் சிரிப்பு. ஆனால் கடற்காற்று வருஷக்கணக்கில் உள்ளே இறக்கிய உப்பை இந்தச் சோதனை காட்டாது, பிங்க் வந்த இடத்திலும் கம்பி துருப்பிடித்துக் கிடக்கலாம். அந்த உப்பைக் காட்டும் குளோரைடு சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

சரி, கட்டடம் தேறிவிட்டது. எந்த அறையை எங்கே வைப்பது என்பதில்தான் தலைவலியே. உடலைக் கொண்டுவர வசதி என்று உடற்கூறு அறையைத் தரைத்தளத்தில் வைப்பது சரிதான், ஆனால் ஜன்னலே இல்லாத பின்பக்க குடோனில் உத்தரத்தை ஒட்டி இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால், உடல் கெடாமலிருக்கப் போடும் பார்மலின் ஆவி மாணவர் மூக்கைத் தாண்டித்தான் மேலே போகும். மேசை மட்டத்திலேயே காற்றை இழுக்க வேண்டும். பார்மலினில் இருக்கிற பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

ஆய்வகத்துக்கு சிங்க் வேண்டும், கடைக் கட்டடத்திலோ மாடிக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் ஒரு மூலையில். பைப் கொண்டுபோக பிளம்பர் உத்தரத்தையே துளைத்துவிட்டுப் போவார், பக்கத்தில் நின்று பாருங்கள். எக்ஸ்ரே பயிற்சி அறைக்குப் கதிரைத் தடுக்கப் பழைய ஒன்பது அங்குலச் சுவர் நல்ல வரம், இருந்தாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் மெஷினை இறக்காதீர்கள்.

கடைசியாக மாடிப்படி. கல்விக் கட்டடத்துக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குறைந்தது 1.5 மீட்டர் அகலம் கேட்கிறது. மண்ணடிப் படிகளில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். வெளியே இரும்புப் படி போடலாம் என்றால் பக்கத்துச் சுவருக்கும் நம் சுவருக்கும் நடுவே இடமே இருக்காது. அப்படிப்பட்ட கட்டடத்துக்கு, வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வேண்டாம் என்றே எழுதிக் கொடுக்கிறேன்.