கேட்டமரான் வேறு, கட்டுமரம் வேறு

“நான்கு படுக்கையறை, நான்கு கழிவறை, ஏசி, இரண்டு டீசல் எஞ்சின் கொண்ட சொகுசுக் கட்டுமரம்.” சுற்றுலா விளம்பரங்களிலும் மொழிபெயர்ப்புச் செய்திகளிலும் இந்த மாதிரி வாக்கியம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் கேட்டமரான் எனப்படும் படகைத்தான் இப்படி எழுதுகிறார்கள்: நீரில் அமிழும் உடல் (ஹல்) இரண்டு, அவற்றை இணைக்கும் ஒரு தளம். கட்டுமரத்தில் கடலுக்குப் போய் வந்த யாரிடமாவது இதைப் படித்துக் காட்டினால் சிரிப்பார். அலை மேலேறி வழிந்துகொண்டே இருக்கும் மிதவையில் படுக்கையறையை எங்கே வைப்பது?

சொல்லின் கதை சின்னது. கட்டிய மரம், கட்டுமரம். சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேயர்கள் அதைக் ‘கேட்டமரான்’ ஆக்கிக்கொண்டார்கள். 1697இல் வெளியான தன் பயண நூலில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டேம்பியர் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்: ஒன்றோ இரண்டோ மரத்துண்டு, ஒரே ஆள், அவன் கால்கள் எப்போதும் தண்ணீருக்குள். அதன்பின் சொல் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. 1804இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் கேட்டமரான் என்றுதான் பெயர். சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் வசவாகவும் அது ஆங்கிலத்தில் கொஞ்ச காலம் புழங்கியது. 1876இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெர்ரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டையுடல் பாய்மரப் படகை நியூயார்க் போட்டியில் ஓட்டி வென்றார். மற்றவர்கள் எதிர்த்ததால் படகு தகுதி நீக்கப்பட்டது. இன்று உலகம் அறிந்த பொருள் அந்தக் காலத்தில்தான் கேட்டமரானோடு ஒட்டிக்கொண்டது.

ஆக, போனது நம் சொல். திரும்பி வந்திருப்பது வேறொரு பொருளின் பெயர். ‘நம் சொல்தானே, அப்படியே எடுத்துக்கொள்ளலாமே’ என்று வாதிடுவோர் இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள்.

கட்டுமரம் எப்படி மிதக்கிறது என்று பார்த்தால் போதும். மலைவேம்பு, பெருமரம் போன்ற கனமில்லாத மரத்தைச் செதுக்கி, மூன்று முதல் ஏழு வரை பக்கத்தில் பக்கம் வைத்து, அணியத்துப் (முன்) பக்கமும் கடையால் (பின்) பக்கமும் கயிற்றால் இறுக்குகிறார்கள். மரம் தண்ணீரைவிட லேசு, அதனால் மிதக்கிறது; வேறு சூட்சுமம் இல்லை. இடுக்குகள் வழியாகத் தண்ணீர் ஏறும், அப்படியே இறங்கும். இறைக்க வேண்டியதில்லை, ஓட்டை விழுந்து மூழ்கும் பேச்சும் இல்லை. கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் கரையலை அடிக்கும்போது மரம் பிளக்காது. அதன் எதிரி ஊறல்தான். ஊறிய மரம் கனத்துத் தாழ மிதக்கும், நாளடைவில் உளுத்தும் போகும். அதனால்தான் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போடும் வழக்கம்.

இரட்டையுடல் படகில் இவை எல்லாமே தலைகீழ். உள்ளே வெற்றிடம் உள்ள, நீர் புகாத இரண்டு ஒல்லியான உடல்கள். அவற்றை அசையவிடாமல் பிணைக்கும் விட்டங்களும் தளமும். உடல் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு எடையைத் தாங்கும். தண்ணீர் உள்ளே வந்தால் ஆபத்து. பிணைப்பு நெகிழ்ந்தாலும் ஆபத்துதான். குறுக்கலை இரண்டு உடல்களையும் எதிரெதிராக முறுக்கும்போது விட்டம் சேரும் இடத்தில்தான் விரிசல் தொடங்கும். இரண்டு உடல் உள்ளதைக் கேட்டமரான் என்கிறார்கள், சாதாரணப் படகு ஒற்றையுடல். அந்தக் கணக்கில் கட்டுமரத்துக்கு ஒரு உடல்கூடக் கிடையாது. உடலே இல்லாத ஒன்றின் பெயரை இரண்டு உடல் உள்ளதற்கு வைப்பது என்ன நியாயம்?

இந்த வடிவத்தின் மூதாதையைத் தேடிப் போனாலும் சோழமண்டலத்துக்கு வர முடியாது. பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணிகளுக்குத்தான் போக வேண்டும். 1947இல் ஹவாயில் வுடி பிரவுனும் கூட்டாளிகளும் கட்டிய ‘மனு காய்’ என்ற இரட்டையுடல் படகு அந்தத் தோணிகளைப் பார்த்துப் பிறந்ததுதான். ‘உலகுக்குக் கேட்டமரானைத் தந்தவன் தமிழன்’ என்ற பெருமிதப் பதிவுகளில் பெயரைப் பற்றிய பாதி உண்மை, படகைப் பற்றிய பாதி பொய்.

ஒரு எதிர்வாதத்தை மட்டும் மதிக்கலாம். இப்போது நம் கரைகளில் தெர்மோகோலை உள்ளே வைத்து ஃபைபரில் வார்த்த மிதவையையும் கட்டுமரம், சுருக்கமாக ‘மரம்’ என்றே சொல்கிறார்கள். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. பொருள் ஏற்கெனவே விரிந்துவிட்டதே என்பார்கள். விரிந்ததுதான். ஆனால் வேலை மாறவில்லை: அதே தட்டை மிதவை, அதே மேலேறி வழியும் தண்ணீர். கரையில் இருப்பவர்கள் புழக்கத்தால் விரித்ததையும், கடலைப் பார்க்காமல் அகராதியிலிருந்து ஒட்டவைத்ததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நடைமுறைச் சிக்கல் இன்னொன்று. மூன்று உடல் கொண்ட படகுக்கு ஆங்கிலத்தில் டிரைமரான். கேட்டமரானைக் ‘கேட்ட’, ‘மரான்’ என்று கண்டபடி வெட்டி, வாலை மட்டும் எடுத்து ஒட்டிய சொல் அது. கேட்டமரானைக் கட்டுமரம் என்றால் இதை என்ன சொல்வது? முக்கட்டுமரமா, மும்மரமா? மூன்று மரம் கட்டிய கட்டுமரம் நம் கரையில் வெகு சாதாரணம். எஞ்சின் பொருத்தியதைப் ‘பவர்கேட்’ என்கிறார்கள். கேட் என்பதை இயந்திர மொழிபெயர்ப்பு பூனை ஆக்காமல் விட்டால் அதிர்ஷ்டம்.

கட்டுமரம் வேண்டாம் என்போர் முன்வைக்கும் ‘இரட்டைப் படகு’ம் உதவாது. கடற்கரையில் அதைச் சொன்னால் இரண்டு விசைப்படகுகள் ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி நினைவுக்கு வரும். தடை, வழக்கு, சண்டை என்று அதற்குத் தனி வரலாறே உண்டு. ‘ஈருடற்கலம்’ இலக்கணப்படி சரிதான். ஆனால் காதில் விழுந்ததும் ‘ஈருடல் ஓருயிர்’ என்று கல்யாண வாழ்த்து மடல் விரிந்துவிடுகிறது. ‘இருபுணை’ என்று பழஞ்சொல்லைத் தோண்டுவோரும் உண்டு. புணை என்றால் மிதவை, மறுபடியும் அதே தவறு.

இரட்டையுடல் படகு என்பதே தெளிவு. அதற்கு எதிரே ஒற்றையுடல் படகு, அடுத்து மூவுடல் படகு. படித்ததும் படம் தெரிகிறது, வரிசையும் கெடவில்லை. பேச்சில் கேட்டமரான் என்றே சொன்னாலும் தமிழ் அழிந்துவிடாது. கட்டுமரம் என்று சொல்லிக் குழப்புவதைவிட அது மேல்.

இந்தக் குழப்பத்தை இனியும் தள்ளிப்போட முடியாது, ஏனெனில் இந்த வகைப் படகுகள் பெருகிக்கொண்டே போகின்றன. 2023இல் ஓடத் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் 100 பேர் படகுகள் அலுமினிய இரட்டையுடல் கொண்டவை. 2012இல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். மகர் என்ற கடலளவைக் கப்பலும் இரட்டையுடல்தான். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் பிரதமர் தொடங்கிவைத்த ஹைட்ரஜன் படகும் அதே வகை. இவற்றையெல்லாம் கட்டுமரம் என்று எழுதிவிட்டு, அதே பக்கத்தில் ‘கட்டுமரம் கவிழ்ந்து மீனவர் மாயம்’ என்று எழுதினால் வாசகர் எதை நினைப்பார்?

உல்லாசப் படகுகளின் உலகில் மாற்றம் இன்னும் பெரிது. பாய்மரத்தில் பெயர் வாங்கிய ஃபோன்டேன் பஜோ, லெப்பர்ட், சன்ரீஃப் போன்ற நிறுவனங்கள் இன்று பாயே இல்லாத, எஞ்சின் மட்டும் கொண்ட இரட்டையுடல் படகுகளையும் விற்கின்றன. அக்விலா அதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டது. காரணம் அகலம். 44 அடி நீளமுள்ள ஒற்றையுடல் படகின் அகலம் நான்கு, நாலரை மீட்டர். அதே நீளத்து இரட்டையுடல் ஆறரை மீட்டரைத் தொடும். கூடம், சமையலிடம், பின்தளம் மூன்றும் ஒரே மட்டத்தில் அமைகின்றன. நங்கூரமிட்டு நிற்கையில் பக்கவாட்டு ஆட்டம் குறைவு. எஞ்சின்கள் இரண்டும் நாலைந்து மீட்டர் தள்ளித் தள்ளி இருப்பதால், ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் ஓட்டினால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும்.

எரிபொருளும் மிச்சம். நீர்மட்டம் உடலைத் தொடும் கோட்டில் 12 மீட்டர் நீளமுள்ள ஒற்றையுடல் சுமார் எட்டரை நாட் (மணிக்கு எட்டரைக் கடல்மைல்) வேகத்தைத் தாண்டும்போது, தானே எழுப்பிய அலையின்மேல் தானே ஏற வேண்டியிருக்கும். அதற்குப் பெரிய எஞ்சின் தேவை. நீளம் அகலத்தைப் போல எட்டுப் பத்து மடங்கு உள்ள ஒல்லியான உடல் எழுப்பும் அலை சிறிது. ஆனால் அந்த ஒல்லி உடலால் பாரம் பொறுக்க முடியாது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். அதோடு ஜெனரேட்டர், கரைக்குப் போய்வரும் சிறு படகு, டீசல் என்று ஏற்றிக்கொண்டே போனால் படகு அமிழ்ந்து, இரண்டு உடல்களுக்கு நடுவே தளத்தின் அடிக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறையும். எதிரலையில் ஒவ்வொரு அலையும் அந்த அடிப்பலகையில் மோதி, மேலே மேசையிலுள்ள டம்ளர் எகிறும். படகுத்துறையில் இடம் கிடைப்பதும் பாடு. ஒன்றரை மடங்கு, சில இடங்களில் இரண்டு மடங்கு வாடகை கேட்கிறார்கள். பழுது பார்க்கக் கரையேற்றும் பாரந்தூக்கிக்கு அந்த அகலம் கொள்ளுமா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

இவ்வளவையும் தமிழில் விளக்க நல்ல ஆள் தேவை. அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்தால் என்ன ஆகும்? ஹல் என்பது உமி ஆகிவிடும், ஒற்றையுடல் படகு ‘ஒற்றை உமி’ ஆகும். பீம் கற்றை ஆகும். அங்கே வேண்டியது அகலம். மோட்டார் யாட்டை ‘விசைப்படகு’ என்பதும் இதே ரகம். தமிழ்நாட்டில் விசைப்படகு என்றால் மீன்பிடிக்கும் இழுவைப் படகு; எஞ்சின் உல்லாசப் படகு என்று நீட்டிச் சொல்வதில் தவறில்லை. ‘சொகுசுக் கப்பல்’ என்றால் ஆயிரக்கணக்கானோர் போகும் பயணக் கப்பல், அதுவும் ஆகாது. எல்லாவற்றிலும் மோசம் டிராஃப்டை ‘வரைவு’ என்பது. ‘படகின் வரைவு 1.2 மீட்டர்’ என்று படிப்பவருக்கு, இரண்டு மீட்டர் ஆழமுள்ள பகாமாஸ் திட்டுகளில் அந்தப் படகு தரை தட்டாமல் போகும் என்ற ஒரே பயனுள்ள செய்தி போய்ச் சேர்வதில்லை. அமிழ் ஆழம் என்று எழுதினால் சேரும்.