ஒரு வெள்ளீயத் துளி, இரண்டு லேசர் அடி

‘சிப் செய்யும் இன்டெல், சாம்சங், டிஎஸ்எம்சி மூன்றும் சந்தையில் முட்டிக்கொள்பவை. 2012இல் ஏன் மூன்றும் ஒரே கருவிக்குப் பணம் போட்டன?’ என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். பணம் போனது, சிப்பில் சுற்று பதிக்கும் கருவி செய்யும் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்துக்கு: 138 கோடி யூரோ ஆய்வுச் செலவுக்கு, அது போக 23 சதவீதப் பங்குகளுக்குத் தனியாக. இலக்குகள் இரண்டு. ஒன்று, சிப் செய்ய 450 மில்லிமீட்டர் அகல சிலிக்கான் தகடு; அது பின்னர் கிடப்பில் போனது. மற்றது, ஈயூவி எனப்படும் மிகக் குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளி; அது வென்றது.

ஒளியால்தான் சிப்பில் சுற்று வரைகிறார்கள். அலைநீளம் குறைந்தால் கோடு மெலியும். ஈயூவியின் அலைநீளம் 13.5 நானோமீட்டர். காற்றும் கண்ணாடியும் இதை விழுங்கிவிடும். ஆகவே வெற்றிடம், லென்சுக்குப் பதில் ஆடிகள். மாலிப்டினமும் சிலிக்கானும் மாறிமாறிப் பூசிய ஓர் ஆடி 70 சதவீதம் போலத்தான் திருப்பி அனுப்பும். பத்துப் பதினொரு ஆடிகள் தாண்டினால் மிஞ்சுவது 2, 3 சதவீதம். அதனால் மூல ஒளி மிகப் பலமாக இருந்தாக வேண்டும்.

அந்த ஒளி பிறக்கும் விதம்தான் அழகு. உருகிய வெள்ளீயத்தை நுண்குழாய் வழியே அழுத்தி, குழாயை அதிரவைத்தால் தாரை துளிகளாக அறுபடும். ஒரு துளியின் விட்டம் ஏறத்தாழ 30 மைக்ரான். விநாடிக்கு 50,000 துளிகள். முதலில் இதை ஒரே அடியில் சுட்டுப் பார்த்தார்கள். லேசர்க் கற்றை துளியைவிட அகலம் என்பதால் பெரும்பகுதி வெறும் இடத்தில் போய் வீணானது. தீர்வு, இரண்டு அடி. மெல்லிய முன்துடிப்பு துளியைத் தோசைபோல் பரத்தும். சில மைக்ரோ விநாடி கழித்து, அது கற்றையின் அகலத்துக்கு விரிந்திருக்கும்போது, கார்பன் டை ஆக்சைடு லேசரின் பெருந்துடிப்பு இறங்கும். வெள்ளீயம் லட்சக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவாகி 13.5 நானோமீட்டரில் ஒளிரும். லேசர் ஆற்றலில் ஒரு சதவீதம் போல ஒளியாகிவந்தது ஐந்து சதவீதத்தை எட்டியது.

கோளாறுகளும் இங்கேதான். வெடித்த வெள்ளீயம், பிளாஸ்மாவின் ஒளியைத் திரட்டும் சேகரிப்பு ஆடியில் படிந்து அதைக் குருடாக்கும். குறைந்த அழுத்த ஹைட்ரஜனை ஓடவிட்டால் அது வெள்ளீயத்தோடு சேர்ந்து ஸ்டான்னேன் வாயுவாகி பம்பு வழியே வெளியேறும். ஆனால் ஆடி சூடானால் ஸ்டான்னேன் சிதைந்து வெள்ளீயம் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆடியைக் குளிர்விக்கவும் வேண்டும். பரந்த துளியில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி வந்த வழியே போய் லேசரின் பெருக்கிகளைக் கெடுக்கலாம். துளி அமெரிக்காவின் சைமர் நிறுவனத்துடையது, லேசர் ஜெர்மனியின் டிரம்ஃபுடையது, படம் பதிக்கும் ஆடிகள் ஜெர்மனியின் ஸைஸுடையவை. ஒருவர் பாகத்தில் தெரியும் கோளாறுக்குக் காரணம் இன்னொருவர் பாகத்தில் இருக்கும். விலைப்புள்ளி கேட்டு, பாகம் வாங்கிப் பூட்டுகிற வேலை அல்ல இது; அளவீடுகளை மேசையில் விரித்துவைத்துச் சேர்ந்து உட்கார வேண்டும். 2013இல் ஏஎஸ்எம்எல் சைமரையே வாங்கியது.

இதற்கெல்லாம் முன்னோடி, 1986இலேயே ஜப்பானில் கினோஷிடா குழு காட்டிய படப்பதிவு. 1997இல் இன்டெலும் ஏஎம்டியும் மோட்டோரோலாவும் கூட்டுச் சேர்ந்து லிவர்மோர், சாண்டியா, பெர்க்லி ஆகிய அமெரிக்க அரசு ஆய்வகங்களுக்குப் பணம் தந்தன. பெருமளவு உற்பத்திக்கு வந்தது 2019 வாக்கில்தான். மூன்றாண்டில் பலன் காட்டு என்று கேட்கும் எந்த நிதிக்குழுவும் இதைப் பாதியில் மூடியிருக்கும் என்பது என் கருத்து.

2012 ஒப்பந்தத்துக்கு வருவோம். மூவரின் பங்குகளுக்கும் வழக்கமான வாக்குரிமை இருக்கவில்லை. ஆய்வின் பலனோ, பணம் போடாத சிப் நிறுவனங்களுக்கும் தடையின்றிக் கிடைக்கும் என்று ஏஎஸ்எம்எல் முன்கூட்டியே அறிவித்தது. மூவரும் வாங்கியது கருவி சீக்கிரம் வரும் என்ற வாய்ப்பை. அந்தக் கருவியை வைத்து, தகட்டின் மேல் பூசும் எந்த ஒளியுணர் பூச்சை எவ்வளவு நேரம் சூடாக்குவது, எத்தனை ஒளி பாய்ச்சுவது என்ற செய்முறையை மட்டும் ஒருவருக்கொருவர் இன்றும் காட்டுவதில்லை.