உங்கள் தெருவின் குறுக்கே தொட்டி வைத்தால்: லண்டன்வாசிகள் கையில் இருக்கும் 6 மாதம்

மெயின் ரோட்டில் கொஞ்சம் நெரிசல் கூடினால் போதும், சாட்நாவ், அதாவது வண்டியில் வழிகாட்டும் கருவி, வண்டிகளைப் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களுக்குள் திருப்பிவிடுகிறது. அந்த வண்டிகளுக்கு அந்தத் தெருவில் வேலை எதுவும் இல்லை, ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுபவைதான். இதை நிறுத்தத்தான் லண்டன் கவுன்சில்கள் தெருவின் குறுக்கே மரத்தொட்டிகளையும் கம்பங்களையும் வைக்கின்றன, அல்லது போர்டு மாட்டி கேமரா பொருத்துகின்றன. நடந்தோ சைக்கிளிலோ போகலாம். காரிலும் உள்ளே இருக்கும் எந்த வீட்டுக்கும் போகலாம், சுற்றிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். எல்.டி.என். (லோ டிராஃபிக் நெய்பர்ஹுட், போக்குவரத்து குறைந்த குடியிருப்புப் பகுதி) என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

“எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் வைத்துவிட்டார்கள்” என்பதுதான் எங்கும் கேட்கும் முதல் கோபம். கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. நிரந்தர ஆணை என்றால் முதலில் அறிவிப்பு, ஆட்சேபம் சொல்ல 21 நாள், அதன் பிறகுதான் ஆணை. சோதனை ஆணை என்றால் இது தலைகீழ்: 7 நாள் முன்னதாக அறிவித்துவிட்டு வழியை அடைத்துவிடலாம், மக்கள் கருத்தை அப்புறம் கேட்கலாம். 2020-ல் கொரோனா காலத்தில் மத்திய அரசு அவசர நிதி கொடுத்து வேகமாகச் செய்யச் சொன்னபோது, பல கவுன்சில்கள் இந்த இரண்டாவது வழியில்தான் போயின.

சோதனை ஆணை அதிகபட்சம் 18 மாதம்தான் நிற்கும். அதற்குள் நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் எடுக்க வேண்டும். ஆணை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து முதல் 6 மாதம்தான் நிரந்தரமாக்குவதற்கு எதிராக ஆட்சேபம் எழுதுவதற்கான காலம். நடுவில் கவுன்சில் திட்டத்தை மாற்றினால், மாற்றிய நாளிலிருந்து 6 மாதம் புதிதாகத் தொடங்கும். தேதியும் ஆணை எண்ணும் விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும் அந்த நோட்டீஸில் இருக்கும். யாரும் நின்று படிப்பதில்லை. தயவுசெய்து நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்சேபம் எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் சொல்லியிருக்க வேண்டும். “இது அநியாயம், உடனே எடுங்கள்” என்று எழுதினால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அதற்கு மேல் கனம் இருக்காது. “என் அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். முன்பு 12 நிமிடம், இப்போது இன்ன நாட்களில் 30 நிமிடம் ஆனது” என்று எழுதினால் அதிகாரி அதற்குப் பதில் யோசித்தே ஆக வேண்டும். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள் போன்றோருக்கு என்ன பாதிப்பு என்று கவுன்சில் பார்க்கக் கடமைப்பட்டது. ப்ளூ பேட்ஜ், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அட்டை வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டா என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும்; இல்லையென்றால் அதைக் கேட்டு எழுதலாம்.

எழுத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு தெற்கு லண்டனில் உள்ள வெஸ்ட் டல்விச் பகுதியின் எல்.டி.என். வழக்கைச் சொல்வேன். அந்தப் பகுதியின் லாம்பெத் கவுன்சிலிடம் அங்குள்ளவர்கள் திட்டத்தைப் பற்றி 53 பக்கத்தில் ஓர் ஆவணம் கொடுத்தார்கள். கவுன்சில் அதைக் கணக்கில் எடுக்காமலே முடிவெடுத்தது. 2025 மே மாதம் உயர் நீதிமன்றம், திட்டத்துக்காகப் போட்ட ஆணைகள் சட்டவிரோதம் என்றது. அவர்கள் வைத்த மற்ற வாதங்கள் நிற்கவில்லை. படிக்காமல் விட்ட அந்த 53 பக்கம்தான் நின்றது.

ஆட்சேபிக்க அந்தத் தெருவில் வீடு இருக்க வேண்டும் என்று இல்லை, யாரும் எழுதலாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உள்தெரு அடைபட்டால் அதில் ஓடிய வண்டிகளில் ஒரு பகுதியாவது எல்லையில் உள்ள மெயின் ரோட்டுக்கு வரலாம். அங்கே கடைக்கு மேல் பிளாட்டில் இருப்பவர்கள், பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள், கடை நடத்துபவர்கள் எல்லாம் நம்மில் நிறையப் பேர். “அது அந்தத் தெருக்காரர்கள் பிரச்சினை” என்று அவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தொட்டி வந்த பிறகு பிள்ளைகள் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று மகிழும் குடும்பங்களும் அப்படியே. வேண்டும் என்பவரும் எழுத வேண்டும், ஏனென்றால் கருத்துக் கேட்பில் வந்ததையும் பார்த்துத்தான் கவுன்சிலர்கள் முடிவுக்குப் போகிறார்கள். லண்டனின் ஹாரோ பகுதியில் 2020-ல் வைத்தவை அடுத்த ஆண்டே எடுக்கப்பட்டன. ஈலிங்கில் 2021-ல் கருத்துக் கேட்டபின் பெரும்பாலானவை போயின. கடும் எதிர்ப்புக்கு நடுவே 2015-ல் தொடங்கிய வால்தம்ஸ்டோ வில்லேஜ் திட்டமோ நிலைத்துவிட்டது.

அபராதம் தனி விஷயம். சிவப்பு வட்டத்துக்குள் மேலே மோட்டார் சைக்கிள், கீழே கார் படம் இருந்தால் மோட்டார் வண்டி எதுவும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் லண்டனில் 160 பவுண்டு வரை வரும். 14 நாளுக்குள் கட்டினால் பாதி. போர்டு மரக்கிளையில் மறைந்திருந்தது போன்ற காரணம் இருந்தால் 28 நாளுக்குள் கவுன்சிலுக்கு எழுதுங்கள், அன்றே எடுத்த படத்தோடு. அவர்கள் மறுத்தால் லண்டன் ட்ரிப்யூனல்ஸ் என்ற தனித் தீர்ப்பாயத்தில் இன்னொரு 28 நாளுக்குள் இலவசமாக முறையிடலாம். அபராதத்தை எதிர்த்து எழுதிய கடிதம் திட்டத்துக்கு எதிரான ஆட்சேபம் ஆகாது. இரண்டையும் தனித்தனியாக அனுப்புங்கள்.

கவுன்சில் கடைசியில் நிரந்தர ஆணை போட்டுவிட்டால், அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க 6 வாரம்தான். அங்கே திட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க மாட்டார்கள், சட்டப்படி நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள். செலவும் அதிகம். அதனால் ஆட்சேபத்தை மின்னஞ்சலில், ஆணை எண்ணைப் போட்டு அனுப்புங்கள், உங்கள் வார்டு கவுன்சிலர்களுக்கும் நகல் வையுங்கள். கிடைத்தது என்று பதில் வராவிட்டால் ஒரு வாரத்தில் கேட்டு வாங்குங்கள்.